பருந்துக் கூட்டில் மஞ்சள் மெத்தை

திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல்தான். ராயபுரத்தில் ஆறரை மணி ரயிலைப் பிடித்தால் ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிடலாம். அதற்குள் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் காபி இறங்கும்வரை கோபம் தீராது. அதனால் யார் என்ன கேட்டாலும் முதலில் ஊசி, பிறகுதான் பேச்சு என்பது என் வழக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி காலை. வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். முழங்கால்வரை சேறு. தோளில் ஒரு ஐஸ் பெட்டி. அவள் முறை வந்ததும் கையை நீட்டவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ரத்தம் சுத்துற மெஷின் இருக்குல்ல? ஒரு பத்து நிமிஷம் தருவீங்களா? எங்க காலேஜுக்குக் கொண்டு போறதுக்குள்ள கெட்டுப்போயிரும்."

"யாரு ரத்தம்மா?"

"பருந்துக் குஞ்சு ரத்தம்."

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பருந்துக்கும் சுகரா?" என்றார். அவள் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. பையிலிருந்து வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மேலே ஆராய்ச்சி செய்கிறவள் என்று அதில் இருந்தது. மெதுவாக, கேட்டவருக்கே பதில் சொல்வதுபோல் சொன்னாள்: "சுகர் இல்லீங்கய்யா. அதுக்கு நோயை எதிர்க்கிற தெம்பு எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

எங்கள் உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர்களின் ரத்தம் சுற்றும் இயந்திரத்தில் பறவை ரத்தத்தை வைத்தால் நாளைக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பரண்மேல் நாலு குழாய் மட்டும் பிடிக்கும் பழைய இயந்திரம் ஒன்று தூசி படிந்து கிடந்தது எனக்கு நினைவு வந்தது. அதைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். "உன் பொறுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று அதை இறக்கித் துடைத்து ஓட்டியபோது முதலில் உறுமிற்று, பிறகு சமர்த்தாகச் சுற்றியது. அவள் பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிந்த நீர் மேலே பிரிந்து வந்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

மூன்றாவது முறை வந்தபோது, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிய ரத்தத்தைக் கொண்டுவந்தாள். "பார்க்கிறீங்களாக்கா?" என்றாள்.

நான் பார்த்திருக்கிற ரத்தத்துக்குக் கணக்கில்லை. மனிதனின் சிவப்பணு வட்டமாக, நடுவில் வெளிறி, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். பருந்தின் சிவப்பணு நீள்வட்டமாக இருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறத்தில் ஒரு கரு. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் அப்படியே அடுக்கியிருந்தது. இடையிடையே வெள்ளையணுக்கள். அவற்றில் ஒரு வகைக்குள் செங்கல் நிறத்தில் குச்சி குச்சியாகத் துகள்கள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே யாரோ ரிப்போர்ட் கேட்டுக் கதவைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க மெஷின் இத எண்ணாதும்மா. எல்லாத்துலயும் கரு கீது. எது வெள்ள, எது செவப்புன்னு அதுக்குக் கொழம்பிடும்" என்றேன்.

"அதான்க்கா. கண்ணாலதான் எண்ணணும். நான் எண்ணுவேன். ஆனா நான் மட்டும் எண்ணினா, எனக்கு வேணுங்கிறதைத்தான் என் கண்ணு பார்க்கும். எந்தக் குஞ்சு எந்தக் கூடுன்னு தெரியாத ஒருத்தர் எண்ணணும். நீங்க எண்ணித் தருவீங்களா?"

இத்தனை வருடத்தில் டாக்டர்கள் என் ரிப்போர்ட்டில் கையெழுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். உன் கண் எனக்கு வேண்டும் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். சரி என்றேன். அதன் பிறகு ரயிலில் வீடு திரும்பும்போது தண்டையார்ப்பேட்டை தாண்டுவதற்குள் அவள் வேலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

வேலை இதுதான். கால்வாய் ஓரத்தில் ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது. பழைய சோபா, கார் சீட்டு, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் அங்கே வந்து பிரிபடும். இரும்பு ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம், ஸ்பாஞ்சு ஒரு பக்கம். அதைச் சுற்றியுள்ள தூங்குமூஞ்சி மரங்களில் பருந்துகள் கூடு கட்டும். கூட்டுக்குள் மெத்தென்று இருக்க அந்த ஸ்பாஞ்சைக் கிழித்துக்கொண்டு போய் விரிக்கும். முட்டையும் அதன்மேல்தான், குஞ்சும் அதன்மேல்தான்.

"ஸ்பாஞ்சு லேசுல பத்திக்கிரும்க்கா. பத்தாம இருக்கறதுக்குச் சிலதுல மருந்து கலப்பாங்க. டிவி பெட்டி பிளாஸ்டிக்லயும் கலப்பாங்க. மனுஷங்க உசுரைக் காப்பாத்தக் கலக்கிறதுதான். ஆனா அது உள்ளேயே இருக்காது. தூளா வெளிய வரும். சில மருந்து உடம்புக் கொழுப்புல தங்கிரும். கூண்டுல வளர்த்த பறவைகளுக்கு அது நோய் எதிர்ப்பைக் குலைக்குதுன்னு வெளிநாட்டுல பார்த்திருக்காங்க. இங்க, வெளிய திரியற நம்ம பருந்துக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு யாரும் பார்க்கல."

அவள் தெற்குச் சீமைக்காரி. பேச்சு நிதானமாகத்தான் வரும். ஆனால் ஒரு வார்த்தையும் கூடுதலாக வராது. 'எல்லா ஸ்பாஞ்சிலும்' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'சிலதில்' என்றுதான் சொல்வாள். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நகக்கண் அளவு ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாள். மீஞ்சூருக்கு அப்பால் ஏரிக்கரை மரங்களில் ஸ்பாஞ்சு இல்லாத கூடுகளையும் பார்த்து வைத்திருந்தாள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

பிப்ரவரியில் அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. மரம் ஏறிக் கொடுத்துக்கொண்டிருந்தவரைத் தாய்ப்பருந்து பின்மண்டையில் அடித்துவிட்டது. நாலு தையல். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் என் கொழுந்தனை நினைத்தேன். என் கணவரின் தம்பி. கேபிள் டிவி கம்பி இழுக்கிறவர். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குக் கோபுர உச்சியில் சீரியல் பல்பு கட்டுகிறவரும் அவர்தான். உயரம் என்றால் அவருக்குத் தரை மாதிரி. விஷயத்தைச் சொன்னதும், "பருந்துக்கு ஊசியா? இன்னா அண்ணி, வேற வேல இல்லியா அந்தப் பொண்ணுக்கு?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

நானும் போனேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். தாய்ப்பருந்து எங்களைப் பார்த்ததுமே வட்டமிட ஆரம்பித்துவிட்டது. கொழுந்தன் கயிறு போட்டு ஏறினார். பாதி உயரத்தில் முதல் அடி விழுந்தது. ஹெல்மெட்டில் டக்கென்று சத்தம் கீழே வரை கேட்டது. "யம்மா, இன்னா வேகமா வருது!" என்று கத்தினாரே தவிர நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

"இந்தாம்மா, இதுல பாதி வூடு கீது! ஒயரு கீது, சாக்ஸு கீது, யாரோ வேட்டியக் கூட வுடல. நடுவுல பாரு, மஞ்சா ஸ்பாஞ்சுல சூப்பரா மெத்த போட்டு வச்சிகினு கீது. ரெண்டு குஞ்சு. செத்துப்போச்சா இன்னான்னு தெர்ல, அசையவே இல்ல."

"சாகலண்ணே. பயந்தா அப்படித்தான் படுத்துக்கும். பைல மெதுவா வச்சு இறக்குங்க."

துணிப்பையில் இரண்டு குஞ்சும் இறங்கி வந்தன. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே பழுப்புச் சிறகு முளைத்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அவள் ஒரு குஞ்சின் தலையில் மெல்லிய துணியைப் போட்டு என் கையில் கொடுத்தாள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்க்கக் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது எப்படிப் பிடிப்பேனோ அப்படிப் பிடித்தேன். உள்ளங்கைக்குள் அதன் இதயம் அடித்தது. சிறகை விரித்து, முழங்கை மடிப்பில் ஓடும் நரம்பில் அவள் ஊசியைச் செருகினாள். ஒரே முறை. நான் நரம்பு தேடுவதில் பேர் வாங்கியவள். அவள் கைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. நாலைந்து சொட்டு எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே குஞ்சிடம், "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்றாள்.

பிறகு இன்னொரு ஊசி. சிறகின் முன்பக்கத்து மெல்லிய தோலில் அவரை வகை விதையிலிருந்து எடுத்த ஒரு சத்தைத் துளி ஏற்றினாள். அதற்கு முன் அந்தத் தோல் எத்தனை தடிமன் என்று ஒரு சின்னக் கருவியால் அளந்து எழுதினாள். இருபத்து நாலு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

"உடம்புக்குள்ள வெளியாள் ஒருத்தன் நுழைஞ்சா, உடம்பு ஆள் அனுப்பும்ல, அதனால அந்த எடம் வீங்கும். எவ்வளவு வீங்குதுன்னு பார்க்கணும்."

"வீங்குனா நல்லதா கெட்டதா?" என்றார் கொழுந்தன்.

"வீங்கணும். ஆனா ரொம்ப வீங்கினாலும் என்னமோ சரியில்லன்னு அர்த்தமா இருக்கலாம். இது ஒண்ணை வச்சு முடிவு பண்ண முடியாதுண்ணே."

அப்போது கொட்டகையில் வேலை செய்யும் ஓர் அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. தலைமுடியிலும் புருவத்திலும் மஞ்சள் தூள். அங்கே சீட்டுகளைக் கிழித்து ஸ்பாஞ்சைப் பிரித்தெடுப்பவர்களில் அவர்தான் மூத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அந்த மார்ச் முழுக்க இதே வேலைதான். கொழுந்தன் தன் கேபிள் வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். முதல் வாரம் "அந்தப் பொண்ணு" என்றவர் இரண்டாவது வாரத்திலிருந்து "நம்ம டாக்டரு" என்றார். சனிக்கிழமை ஊசி போட்டால் ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு அளக்க வேண்டும், ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் அந்தக் குஞ்சின் கணக்கை அவள் அடித்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை எல்லாம் முடிந்து கயிற்றைச் சுருட்டும்போது கொழுந்தன், "நாளைக்கி ஈஸ்டரு டாக்டரு" என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, நான் பார்க்கவே இல்லண்ணே. சரி, பரவால்ல. இந்த மூணு குஞ்சையும் விட்டுருவோம்."

"மூணு குஞ்சு கெடைக்க எத்தினி நாளு அலஞ்சே?"

"அதுக்குன்னு பண்டிகைநாள்ல உங்களை மரமேறச் சொல்வேனா?"

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் கொழுந்தன் ராயபுரத்திலிருந்து புதுச் சட்டையோடு நேராக வண்டியை எடுத்தார். நானும் புதுப் புடவையோடு பின்னால் உட்கார்ந்தேன். அவள் அங்கே முன்பே வந்து மரத்தடியில் நின்றிருந்தாள். வருவார் என்று நம்பி வந்தாளா என்று கேட்டதற்கு, "இல்லக்கா, வராட்டி நானே ஏறிப் பார்க்கலாம்னு" என்றாள். கையில் கயிறு இருந்தது. கொழுந்தன் அவளைத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "வுயுந்து கால ஒடச்சிகினா யார்மா பதில் சொல்றது? படிச்சிருந்தா மட்டும் போதாது!" என்று கத்திக்கொண்டே சட்டையைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஏறினார். மூன்று குஞ்சையும் அளந்து முடித்ததும் வீட்டிலிருந்து நான் கொண்டுபோன கேக்கை மூவரும் மரத்தடியிலேயே சாப்பிட்டோம்.

எனக்கும் அவளுக்கும் நடந்த ஒரே ஒரு சண்டையும் அன்றுதான். அளந்து முடித்த குஞ்சுகளைக் கொழுந்தன் மறுபடி கூட்டில் வைத்துவிட்டு இறங்கியிருந்தார். நான் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த ஸ்பாஞ்சு கெடுதல்னு நெனைக்கறே. தெரிஞ்சே குஞ்ச அதுமேல வச்சிட்டு வரயே. எடுத்துப் போட்டுட்டா இன்னா?"

"கெடுதல்னு இன்னும் தெரியாதுக்கா. அதைத்தான் பார்க்கிறேன். நடுவுல எடுத்துட்டா ஒண்ணுமே தெரியாமப் போயிரும்."

"ஒனக்கு புஸ்தகம் எழுதணும். அதுக்கு எத்தினி குஞ்சு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கையிலிருந்த கேக்கைக் காகிதத்தில் வைத்தாள்.

"இதே கேள்வியை நான் தினமும் கேட்டுக்கறேன்க்கா. கூடு கட்டறது பருந்து, நான் வந்தாலும் வராட்டாலும் அது இதைத்தான் விரிக்கப் போகுது. ஆனா நீங்க சொல்றதும் சரிதான். கடைசி அளவு எடுத்த பிறகும் அதை அங்கேயே விட எனக்கு ஒரு காரணமும் இல்ல."

அப்படியே செய்தாள். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதினாள், சம்மதம் வந்தது. வேலை முடிந்த கூடுகளில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுத் தேங்காய் நாரைப் பிரித்துக் கொழுந்தன் விரித்துவிட்டு வந்தார். நாங்கள் மூவரும் அன்று பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் வீட்டுக்குப் போனோம். மூன்றாம் நாள் ஏறிப் பார்த்தால் நாருக்குமேல் புத்தம்புதிதாக ஒரு மஞ்சள் துண்டு.

கொழுந்தன் மரத்தின்மேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. "இன்னா பொம்பளடா இவ! நாம போட்ட பாய அவளுக்குப் புடிக்கல டாக்டரு!"

அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தாய்ப்பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டு மீன் குடலையும் கோழிக்கடைக் கழிவையும் தூக்கி வந்து, ரெண்டு குஞ்சை எங்கள் குப்பைக்கும் கலீஜுக்கும் நடுவில் வளர்க்கிறது. ஹெல்மெட் போட்ட ஆளை அஞ்சாமல் அடிக்கிறது. குஞ்சுக்கு மெத்தை வேண்டுமென்று பார்த்துப் பார்த்து எடுத்து வருகிறது. அந்த மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"மரத்துல எடுத்துப் பிரயோஜனமில்ல, கொட்டகையிலதான் தடுக்கணும்" என்று அவள் சொன்னாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் கொட்டகைக்குப் போனோம். பெண்கள் ஸ்பாஞ்சு மூட்டைகள்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"குஞ்சு அதுமேல படுத்தா இன்னா ஆகும்னு ஊசி போட்டுப் பாக்கறே. நாங்க பதினெட்டு வருசமா இதத்தான் கிழிச்சிகினு கீறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?"

வேறு யாராக இருந்தாலும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று தேற்றியிருப்பார்கள், அல்லது பயமுறுத்தியிருப்பார்கள். அவள் அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. நான் பறவை டாக்டர். பறவையை வச்சு உங்களுக்குச் சொன்னா அது பொய்யாப் போயிரும். உங்களை மனுஷ டாக்டர்தான் பார்க்கணும். ஆனா ஒண்ணு சொல்லுவேன். இந்தத் தூளு உடம்புக்குள்ள போறது கை வழியா, மூச்சு வழியா. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவுங்க. இதுமேல உக்காந்து சாப்பிடாதீங்க. வெறுமனே பெருக்காம ஈரத்துணியால துடைங்க. இதுக்கு ஆராய்ச்சி முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு டப்பாவை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஸ்பாஞ்சுக் குவியலை மூடி வைக்க அவர்கள் சம்மதித்தார்கள். முதலில் பழைய மீன் வலையைப் போட்டோம். அது தப்பாகிவிட்டது. பருந்து வலை நூலைப் பிய்த்துக்கொண்டு போய் அதையும் கூட்டில் வைத்தது. ஒரு குஞ்சின் காலில் நைலான் சுற்றிக்கொண்டு வீங்கிவிட்டது. கொழுந்தன் ஏறி இறக்கி வந்தார். அவள் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டினாள். "இது நான் பண்ணின தப்பு" என்று நோட்டிலும் எழுதினாள். குஞ்சு பிழைத்துக்கொண்டது. வலையை எடுத்துவிட்டு, கொழுந்தன் எங்கிருந்தோ பழைய பேனர்களைக் கொண்டுவந்து தார்ப்பாய்போல் கட்டினார். அது நின்றது.

ஏப்ரல் கடைசியில் குஞ்சுகள் பறந்துவிட்டன. அதற்கப்புறம் என் வேலை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஒரு மணி நேரம் சில்லுகளை எண்ணுவேன். அவள் ஒவ்வொன்றின்மேலும் வெறும் எண்ணை மட்டும் ஒட்டியிருந்தாள். ஒரு சில்லைப் பார்த்ததும் இது அந்த ஈஸ்டர் குஞ்சுதான் என்று தோன்றிற்று. அவளிடம் சொன்னேன். உடனே எல்லாச் சில்லையும் திருப்பி வாங்கி எண்ணை மாற்றி ஒட்டிக்கொண்டு வந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். முதலில் கோபம்தான் வந்தது. எண்ணி முடித்தபோது, இனி என் எண்ணிக்கையை யாரும் குறை சொல்ல முடியாது என்று ஒரு தெம்பு வந்தது.

எந்த எண் எந்தக் கூடு என்ற காகிதத்தை அவள் என் பின்கட்டு அறையில் வைத்துத்தான் பிரித்தாள். கொழுந்தனும் வந்திருந்தார். அவள் நெடுநேரம் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"ஸ்பாஞ்சு இருந்த கூட்டுக் குஞ்சுகள்ல வெள்ளையணுக் கணக்கு கொஞ்சம் மாறித் தெரியுது. ஆனா சிறகு வீக்கம் ரெண்டு பக்கமும் கலந்து வருது. பார்த்த கூடு போதலக்கா. மீஞ்சூர்ப் பக்கத்து இரையும் வேற. ஸ்பாஞ்சாலதான்னு என்னால சொல்ல முடியாது."

"இத்தினி மரம் ஏறுனமே டாக்டரு" என்றார் கொழுந்தன்.

"ஆமாண்ணே. அதனாலதான் இல்லாததைச் சொல்லக் கூடாது."

அதை அவள் எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று மாசுக்கு எதிராகக் கூட்டம் போட்டது. அவளையும் மேடையில் ஏற்றினார்கள். சங்கத்துக்காரர் மைக்கைக் கொடுக்கும்போதே, "இந்த ரசாயனம் பருந்துகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று இந்தச் சகோதரி நிரூபித்திருக்கிறார்" என்றார். கைதட்டல். அவள் மைக்கை வாங்கி, "மன்னிக்கணும், நான் அப்படி நிரூபிக்கல" என்று ஆரம்பித்தாள்.

நாற்காலிகள் இழுபடும் சத்தம். முன்வரிசையில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். அவள் பாட்டுக்குச் சொன்னாள்: என்ன பார்த்தாள், எவ்வளவு தெரிந்தது, எது தெரியவில்லை, தெரிய என்ன வேண்டும். கொட்டகையில் கை கழுவ நல்ல குழாய் வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். இறங்கி வந்ததும் சங்கத்துக்காரர், "ஒரு வார்த்தை அழுத்தமா சொல்லியிருந்தா பேப்பர்ல வந்திருக்கும்" என்றார். "அப்புறம் யாராவது வந்து சோதிச்சுப் பார்த்து இல்லன்னு சொன்னா, நாளைக்கு உங்க மத்த கேள்வியையும் நம்ப மாட்டாங்களேய்யா" என்றாள். அவருக்கு அப்போது அது பிடிக்கவில்லை. ஆனால் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டு, அந்தக் குழாயை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அவள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது தெற்கே ஒரு கல்லூரியில் வேலை. தன் ஆய்வேட்டின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாள். முழுக்க ஆங்கிலம். எனக்குப் பாதிதான் புரிந்தது. கடைசி அதிகாரத்தில் தன் ஆராய்ச்சியில் இருக்கும் குறைகளை அவளே மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தாள், வலை போட்ட தப்பு உள்பட. என் கணவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடசில தெரிலன்னு எழுதத்தான் இத்தினி பாடா?" என்றார். எங்கே தெரியவில்லை என்பதை இவ்வளவு சரியாக யாரும் இதற்குமுன் எழுதவில்லை என்று அவரிடம் சொன்னேன். இனி வருகிறவர்கள் எத்தனை கூடு பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. போன மாதம் அதைப் படித்துவிட்டு ஒரு குழு கொழுந்தனைத் தேடி வந்தது. கூடுதல் கூடுகள், கூடுதல் வருடங்கள் என்றார்கள். நல்ல பெல்ட்டு வாங்கிக் கொடுத்தால் ஏறுகிறேன் என்றிருக்கிறார்.

கொட்டகை அம்மா கேட்ட கேள்வியை நான் விடவில்லை. 'மனுஷ டாக்டர்தான் பார்க்கணும்' என்று அவள் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. தொழிலாளர் நோய்களைப் பார்க்கும் ஓர் அரசு மருத்துவரை அவளே விசாரித்துச் சொன்னாள். கொட்டகைப் பெண்கள் சேர்ந்து மனு எழுதினார்கள். மூன்று முறை போய்க் கொடுத்தோம். நாலாவது முறை அவர் நேரில் வருவதாகச் சொன்னார்.

போன திங்கட்கிழமை காலை வந்தார். ரத்தம் எடுக்க நான் போனேன். பெண்கள் குழாயடியில் கை கழுவிவிட்டு வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்து முந்தானையால் முழங்கையைத் துடைத்துக் கையை நீட்டினார். "பாத்து குத்து" என்றார். நரம்பு நன்றாகத் தெரிந்தது.